கர்ப்பகாலத்தில் இதய வால்வில் தொற்று: விட்டுவிட்டு வரும் காய்ச்சலின் பின்னால்

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது சிறுநீர்த் தொற்றை. மழைக்காலமாக இருந்தால் டெங்குவை. அப்புறம் டைபாய்டு, மலேரியா, நெஞ்சுச் சளி. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் சில காய்ச்சல்கள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. தெருமுனை கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக்கு விட்டுவிடும். மாத்திரை தீர்ந்த சில நாளில் திரும்ப எட்டிப் பார்க்கும். வேறு மாத்திரை, மறுபடி நிம்மதி, மறுபடி காய்ச்சல் என்று வாரக்கணக்கில் இழுக்கும். அப்படிப்பட்ட காய்ச்சலின் பின்னால் அபூர்வமாக ஒளிந்திருக்கக்கூடிய ஒரு நோய்தான் இதய வால்வுத் தொற்று. மருத்துவர்கள் இதை இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ் என்பார்கள். வாயில் நுழையாத பெயர் என்பதால் இங்கே வால்வுத் தொற்று என்றே எழுதுகிறேன்.

அபூர்வம் என்று சொன்னது ஒப்புக்காக அல்ல. ஒரு லட்சம் கர்ப்பங்களை எடுத்துக்கொண்டால் இந்த நோய் வருவது ஒற்றை இலக்கத்தில்தான். காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வந்துவிட்டால் இது உயிரோடு விளையாடும் நோய். உலகெங்கும் பதிவான கர்ப்பகால வால்வுத் தொற்றுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழைய தொகுப்புகளில் நூறு தாய்மார்களில் இருபது பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அண்மைக் காலத் தொகுப்பில் அது பத்தை ஒட்டி இறங்கியிருக்கிறது. வயிற்றுக் குழந்தைகளில் இழப்பு நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டியே நிற்கிறது. இந்த எண்கள் குறைய வேண்டுமென்றால் நோயைச் சீக்கிரம் சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்படுவதற்கு, அது எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வால்வில் கிருமி எப்படிக் குடியேறுகிறது?

இதயத்தில் நான்கு வால்வுகள். ரத்தம் முன்னால் போகலாம், பின்னால் திரும்பக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. மெல்லிய இதழ்கள் போன்ற அமைப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை திறந்து மூடும். இடப்பக்கத்தில் மைட்ரல், அயோர்டிக் என்று இரண்டு. வலப்பக்கத்தில் டிரைகஸ்பிட், பல்மனரி என்று இரண்டு. உடல் முழுவதற்கும் ரத்தத்தை உந்தித் தள்ளுவது இடப்பக்கம் என்பதால் அழுத்தமும் தேய்மானமும் அங்கேதான் அதிகம். தொற்றும் பெரும்பாலும் அந்த இரண்டு வால்வுகளையே பிடிக்கிறது.

ரத்தத்துக்குள் கிருமி நுழைவது நாம் நினைப்பது போல ஏதோ பெரிய விபத்து அல்ல. பல் துலக்கும்போது ஈறிலிருந்து நுழைகிறது. முறுக்கைக் கடிக்கும்போதும் நுழையலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி சற்று நேரத்தில் அவற்றைத் துடைத்தெறிந்துவிடும். வழவழப்பான ஆரோக்கியமான வால்வில் அவற்றுக்குப் பிடிமானமும் கிடையாது. ஆனால் வால்வில் பழைய தழும்பு இருந்தாலோ, ரத்தம் ஒழுகிப் பீச்சியடித்து உள்தோலை உரசிக்கொண்டே இருந்தாலோ கதை வேறு. வழுவழுப்பான கிணற்றுக் கல்லில் ஒட்டாத பாசி, கல் பிளந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது அல்லவா, அதுபோல்தான். உரசிய இடத்தில் முதலில் ரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற நார்ப்பொருளும் சேர்ந்து ஒரு சிறு படிவு உண்டாகிறது. அந்த வழியாகப் போகும் கிருமி அதில் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் இன்னொரு அடுக்கு, அதற்குள் இன்னும் கிருமிகள். இப்படி வளர்ந்து, எக்கோ என்ற இதய ஸ்கேன் படத்தில் வால்வோடு சேர்ந்து ஆடும் ஒரு சதைத் துணுக்கைப் போலத் தெரியும் கட்டிக்கு வெஜிடேஷன் என்று பெயர்.

அடுக்குகளுக்குள் புதைந்த கிருமியை வெள்ளை அணுக்கள் எளிதில் எட்ட முடியாது. வால்வு இதழுக்குள் ரத்தக் குழாய்களும் பெரிதாகக் கிடையாது. மருந்து உள்ளே ஊறித்தான் இறங்க வேண்டும். மூன்று நாள், ஐந்து நாள் மாத்திரைகள் இந்த நோயிடம் தோற்பது இதனால்தான். ரத்தத்தில் நீந்தும் கிருமிகள் சாகும், காய்ச்சல் விடும். கட்டிக்குள் இருப்பவை பிழைத்திருந்து திரும்ப வரும்.

வளர்ந்த கட்டி மூன்று விதமாகக் கெடுதல் செய்கிறது. வால்வு இதழை அரித்து ஓட்டை போடும். ரத்தம் பின்னால் ஒழுகி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கட்டியிலிருந்து துணுக்குகள் பிய்ந்து ரத்தத்தோடு ஓடி, மூளையிலோ மண்ணீரலிலோ சிறுநீரகத்திலோ காலிலோ போய் அடைக்கும். மூன்றாவது, கிருமிக்கு எதிராக உடல் நடத்தும் ஓயாத போரே சிறுநீரக வடிகட்டிகளைப் புண்ணாக்கும்.

எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து வேகம் மாறும். வாயில் குடியிருக்கும் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாவகாசமானது. வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் லேசான காய்ச்சல், அசதி, எடைக் குறைவு என்று மெல்ல அரிக்கும். தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அப்படியல்ல. நல்ல வால்வையும் சில நாட்களில் கிழித்துவிடக்கூடியது. குடலிலும் சிறுநீர்ப் பாதையிலும் இருக்கும் என்டரோகாக்கஸ், பிரசவத்தையும் சிறுநீர்த் தொற்றையும் ஒட்டி நுழையக்கூடிய மூன்றாவது ஆசாமி.

நம் பக்கத்தில் யாருக்கு வருகிறது?

அமெரிக்காவில் இன்று கர்ப்பிணிகளுக்கு வால்வுத் தொற்று என்றால் மருத்துவர்கள் உடனே கேட்கும் கேள்வி, ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பவரா என்பது. அங்கே ஓபியாய்டு போதை பரவியதோடு இந்த நோயும் ஏறியது. அந்த வகையில் கிருமி நரம்பு வழியாக நேரே வலப்பக்க இதயத்துக்குப் போவதால் டிரைகஸ்பிட் வால்வு மாட்டிக்கொள்ளும்.

இந்தியாவில் கதை தொண்டை வலியிலிருந்து தொடங்குகிறது. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண், சரியாகக் கவனிக்கப்படாவிட்டால் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறும். மூட்டுகள் மாறிமாறி வீங்கும், பிறகு தானாக வடியும். பெற்றோர் அதோடு மறந்துவிடுவார்கள். வால்வு மறப்பதில்லை. வருடக்கணக்கில் தழும்பேறி, இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும், அல்லது சரியாக மூடாமல் ஒழுகும். பெண்ணுக்கு இருபது வயதில் ஒரு தொந்தரவும் இருக்காது. இதயத்துக்குப் பாரம் கூடும் முதல் பெரிய சோதனை கர்ப்பம்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை, இதயநோயோடு வந்த ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். அதில் அதிகம் இருந்தது ருமாட்டிக் வால்வு நோய்தான், நூற்றுக்கு 42 பேருக்கு. என்னை அதைவிட உலுக்கியது இன்னொரு எண். பத்தில் ஆறு பேருக்குத் தங்கள் இதயத்தில் கோளாறு இருப்பது அந்தக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்திருக்கிறது. “எனக்கு இதய நோய் எதுவும் இல்லை” என்று ஒரு கர்ப்பிணி சொன்னால், அதை “இதுவரை யாரும் பார்த்ததில்லை” என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

ருமாட்டிக் தவிர, பிறவியிலேயே அயோர்டிக் வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழ் இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர், இருவர் இருக்கிறார்கள். “இதயத்தில் ஓட்டை” என்று பொதுவாகச் சொல்லப்படும் பிறவிக் குறைகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் ரத்தம் வேகமாகப் பீச்சியடிக்கும். தொற்றுக்கு வாய்ப்பு கூடும். மேலறைகளுக்கு நடுவே உள்ள சாதாரண ஓட்டையில் அழுத்த வேறுபாடு குறைவு. அங்கே தொற்று மிக அரிது. எல்லாவற்றையும்விட அதிக ஆபத்தில் இருப்பவர்கள் செயற்கை வால்வு பொருத்தியவர்களும், ஏற்கெனவே ஒருமுறை வால்வுத் தொற்று வந்து பிழைத்தவர்களும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ருமாட்டிக் நோய் உள்ளவர்கள் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் பென்சிலின் ஊசி, பெனிட்யூர் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது, மறுபடி ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுப்பதற்காக. வால்வுத் தொற்றை அது தடுக்காது. “ஊசிதான் தவறாமல் போடுகிறோமே” என்று காய்ச்சலை அலட்சியப்படுத்த முடியாது. அதே சமயம், கர்ப்பம் என்பதற்காக அந்த ஊசியை நிறுத்தவும் கூடாது. குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் இதயத்துக்கு வைத்தியம் பார்த்த பெண்ணின் பழைய ஃபைல், கல்யாணத்தோடு பிறந்த வீட்டுப் பரணில் ஏறிவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். ஊசியும் அதோடு நிற்கிறது. இதில் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெண் பார்க்கும்போதே குறை கணக்கிடும் வழக்கத்தின் விளைவு இது. ஆனால் கர்ப்பம் உறுதியான அன்று, கணவர் அறையில் இல்லாத ஒரு நிமிடத்திலாவது, செவிலியரிடமோ மருத்துவரிடமோ “சின்ன வயதில் எனக்கு இதயத்துக்கு வைத்தியம் பார்த்தார்கள்” என்று சொல்லிவிட்டால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கர்ப்பம் இந்த நோயை எப்படி மறைக்கிறது?

கர்ப்பத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. நாடித்துடிப்பு பத்து, இருபது ஏறுகிறது. ஏழாவது மாதத்தை ஒட்டி இந்தப் பாரம் உச்சத்தில் இருக்கும். ஆரோக்கியமான இதயம் இதைச் சத்தமில்லாமல் சமாளிக்கும். ஒழுகும் வால்வோ, சுருங்கிய வால்வோ உள்ள இதயம் திணறும்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, அசதியாக இருக்கிறது, படபடப்பு வருகிறது. ஏழு மாதக் கர்ப்பிணி இதைச் சொன்னால் எந்த மாமியாரும், “எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா” என்றுதான் சொல்வார். பெரும்பாலும் சரிதான். ஆனால் பழுதான வால்வின் அறிகுறிகளும் இவையேதான். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கேட்கும் மர்மர் என்ற இரைச்சலும், ரத்த ஓட்டம் கூடியதால் நல்ல இதயமுள்ள கர்ப்பிணிகள் பலருக்கும் கேட்கும். ரத்தப் பரிசோதனைகூடக் கைகொடுக்காது. ஹீமோகுளோபின் குறைவது, வெள்ளை அணுக்கள் கூடுவது, உடலில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் ஏறுவது எல்லாம் தொற்றிலும் உண்டு, கர்ப்பத்திலும் உண்டு. வால்வுத் தொற்றால் சிறுநீரகம் புண்ணாகி, சிறுநீரில் புரதம் போய், உடல் வீங்கினால், பார்ப்பவருக்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு மாதிரியே இருக்கும். மூளையில் துணுக்கு அடைத்து வலிப்பு வந்தால் கர்ப்பகால ஜன்னி என்று நினைக்கத் தோன்றும்.

அப்படியானால் எதை வைத்துச் சந்தேகப்படுவது? கர்ப்பத்தால் வர முடியாத ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கிறது: காய்ச்சல். கர்ப்பம் மூச்சுத்திணறலைத் தரும், வீக்கத்தைத் தரும், 100.4 டிகிரி காய்ச்சலைத் தராது. காரணம் தெரியாத காய்ச்சலோடு பழைய இதயக் கதையோ புதிய மர்மரோ சேர்ந்தால் வால்வை நினைத்துப் பார்க்க வேண்டும். இரவில் நனைய நனைய வியர்ப்பது, வாய்க்குச் சாப்பாடு பிடிக்காமல் போவது, எடை ஏற வேண்டிய மாதத்தில் இறங்குவது ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும். நகத்துக்கு அடியில் சிறாய் குத்தியது போன்ற சிவப்புக் கீற்றுகள், விரல் நுனியில் தொட்டால் வலிக்கும் சிறு முடிச்சுகள் போன்ற அடையாளங்களைப் பாடப் புத்தகங்கள் சிலாகித்து எழுதும். இன்று அவை சிலருக்குத்தான் தெரிகின்றன. அவை இல்லாததால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

சில அறிகுறிகள் வந்தால் யோசிக்கவே நேரமில்லை. ஒரு பக்கக் கை கால் செயலிழப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போவது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரச் செய்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழைத்து, இதயநோய்ப் பிரிவும் மகப்பேறும் சேர்ந்து இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரைக்கு முன் ரத்தம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வுத் தொற்றை உறுதிசெய்ய இரண்டு தூண்கள். ஒன்று எக்கோ, மற்றது பிளட் கல்ச்சர். இவற்றோடு மற்ற அறிகுறிகளையும் சேர்த்து எடைபோட 1994-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் வகுத்த அளவுகோல்களை, 2023-இல் கடைசியாகத் திருத்திய வடிவில், மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பிளட் கல்ச்சர் என்றால் ரத்தத்தை எடுத்து, கிருமி வளர்வதற்கேற்ற ஊட்டமுள்ள குப்பியில் விட்டு, வளர்கிறதா என்று பார்ப்பது. ஒரே தடவை எடுத்தால் போதாது. வெவ்வேறு நரம்புகளில் குத்தி மூன்று முறை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு குப்பி, குப்பிக்குப் பத்து மில்லி அளவில். “வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இவ்வளவு ரத்தமா எடுப்பது” என்று உடன் வந்தவர்கள் கோபப்படுவதுண்டு. மொத்தமே 60 மில்லிதான். கர்ப்பத்தில் கூடுதலாகச் சேர்ந்த ரத்தம் மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும். மூன்று இடத்தில் எடுப்பதற்கும் காரணம் உண்டு. தோலில் இருந்து தவறி ஒட்டிய கிருமி ஒரு குப்பியில் வளரலாம்; மூன்றிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது ரத்தத்தில்தான் இருக்கிறது.

இந்தச் சோதனையைப் பாழாக்குவதற்கு ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் போதும். மருந்து உள்ளே போனபின் எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போகும் வாய்ப்பு கூடிவிடும். கிருமி இல்லை என்று அதற்குப் பொருளல்ல. முகத்தைக் காட்டவில்லை என்றுதான் பொருள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல், வாரக்கணக்கில் குத்துமதிப்பாக மருந்து கொடுக்க நேரும். வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு குத்துமதிப்பாகக் கொடுப்பது யாருக்கும் உவப்பானதல்ல. ஆகவே வால்வுக் கோளாறு உள்ள கர்ப்பிணிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் இரண்டு நாள் மாத்திரை, வீட்டில் மீந்துபோன பழைய அமாக்ஸிசிலின், கிளினிக்கில் போடும் “காய்ச்சல் ஊசி”, மூன்றும் இந்த வாய்ப்பைக் கெடுப்பவை. காய்ச்சலின் வேதனைக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம், அது கல்ச்சரைக் கெடுக்காது. புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளைக் கர்ப்பத்தில், அதிலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, தானாக எடுக்கக் கூடாது.

கிருமியின் பெயர் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலருக்கு ருமாட்டிக் வால்வு. 1911-இல் நியூயார்க்கில் அவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, மருத்துவர் இமானுவேல் லிப்மன் குழு ரத்தத்தை எடுத்து வளர்த்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் கண்டுபிடித்துவிட்டது. நோய் என்ன என்று துல்லியமாகத் தெரிந்தது, மருந்துதான் இல்லை. சில மாதத்தில் வியன்னாவில் இறந்துபோனார். பென்சிலின் புழக்கத்துக்கு வந்த 1940-கள் வரை இந்த நோய் வந்தவர்கள் பிழைத்ததே அபூர்வம். இன்று நிலைமை நேர்மாறு. மருந்து கைவசம் இருக்கிறது. அவசரப்பட்டு அதைக் கொடுத்துவிட்டு, எதற்குக் கொடுத்தோம் என்று தெரியாமல் முழிக்கிறோம்.

எக்கோவைப் பற்றிப் பயமே வேண்டாம். குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனில் இருக்கும் அதே ஒலியலைதான் இதிலும், கதிர்வீச்சு கிடையாது. மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் சிறு கட்டிகள் தப்பிவிடலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி, இதயத்தின் முதுகுப்புறத்திலிருந்து பார்ப்பார்கள். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படும். கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மயக்க மருந்தை அளவாகக் கொடுத்துச் செய்வார்கள். முதல் எக்கோவில் ஒன்றும் இல்லை, ஆனால் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பது வழக்கம்.

மருந்து எத்தனை நாள், எந்த மருந்து?

பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். நரம்பு வழியாக, அதிக அளவில், நாளுக்குப் பல வேளை. செயற்கை வால்வென்றால் ஆறு வாரத்துக்குக் குறையாது. முதல் வாரத்திலேயே காய்ச்சல் அடங்கிவிடும் என்பதால், “நல்லாத்தானே இருக்கிறாள், வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம்” என்று குடும்பம் அவசரப்படும். காய்ச்சல் விடுவதும் கட்டிக்குள் இருக்கும் கடைசிக் கிருமி சாவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், சிலசமயம் மருந்துக்கு அடங்காத வடிவில்.

நல்ல செய்தி, இந்த நோய்க்கு முக்கியமான மருந்துகளில் பல கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. பென்சிலின், ஆம்பிசிலின், செஃப்ட்ரையாக்ஸோன், செஃபாசோலின் எல்லாம் அந்த வரிசை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், இந்த வரிசை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸுக்கும் வான்கோமைசின். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். ஜென்டாமைசின் வகை குழந்தையின் காது நரம்பைப் பாதிக்கலாம் என்பதால், வேறு வழியில்லாதபோது குறைந்த நாட்களுக்கு மட்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும், அதனால் தவிர்ப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகும் மருந்து தொடர்ந்தால், பென்சிலின் வகைகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தைக்குச் சற்று இளக்கமாக வயிறு போகலாம், அவ்வளவுதான்.

கிருமி நேராகக் குழந்தையைப் போய்த் தாக்குவது அரிது. குழந்தைக்கு வரும் ஆபத்து தாயின் நிலையிலிருந்து வருகிறது: விடாத காய்ச்சல், ஆக்ஸிஜன் குறைவு, இதயத் திணறல். இவற்றால் குறைமாதப் பிரசவம் நேரலாம். குழந்தையை நினைத்துத் தாயின் வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது இருவருக்குமே நஷ்டம்.

செயற்கை வால்வுகளில் இயந்திர வகையைப் பொருத்தியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அவர்கள் எடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது; நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் உறையும். தொற்றும் வந்துவிட்டால், மூளையில் துணுக்கு அடைத்த இடத்தில் ரத்தக் கசிவு ஏற்படும் பயமும் சேரும். இந்த மாத்திரையை நிறுத்துவதா, அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவதா என்பதைத் தானாக முடிவு செய்யவே கூடாது.

அறுவைச் சிகிச்சை வரை போனால்

வால்வு கிழிந்து நுரையீரலில் நீர் கோத்து மருந்துக்கு அடங்காவிட்டால், வால்வைச் சுற்றிச் சீழ் கட்டினால், சரியான மருந்து கொடுத்தும் கிருமி தொடர்ந்து ரத்தத்தில் வளர்ந்தால், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி துணுக்கு துணுக்காகப் பிய்ந்தால், வால்வை மாற்றும் பேச்சு எழும். இதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தை ஓடவிட்டுச் செய்யும் அறுவை இது. இதே அறுவையைச் செய்துகொள்ளும் கர்ப்பமில்லாத பெண்களைவிடத் தாய்க்கு ஆபத்து பெரிதாக அதிகமில்லை. குழந்தைக்கு அப்படியல்ல, இயந்திரத்தின் ஓட்டத்தில் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை இழக்கப்படுவதாகத் தொகுப்புகள் சொல்கின்றன.

ஆகவே நேரம் பார்ப்பார்கள். தள்ளிப்போட முடியுமென்றால் நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத் தொடக்கம் வரை ஓரளவு வசதியான காலம். அதைத் தாண்டி, குழந்தை வெளியே பிழைக்கும் பருவம் வந்துவிட்டால், முதலில் சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிட்டு, அதே மயக்கத்தில் அல்லது சற்று இடைவெளிவிட்டு வால்வு அறுவைக்குப் போவதுண்டு. தாய் மூழ்கிக்கொண்டிருக்கும்போது மாதக்கணக்கு பார்க்க இயலாது. அப்போது எந்த மாதமானாலும் அறுவைதான். இதயநோய் மருத்துவர், இதய அறுவை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், பச்சிளங்குழந்தை மருத்துவர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடத்துக்கு ஆரம்பத்திலேயே போய்விட வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான்.

பல்லும் பிரசவமும்

கர்ப்பத்தில் பல் வைத்தியம் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை வேரோடியிருக்கிறது. வால்வுக் கோளாறு உள்ள பெண்ணுக்கு இதைவிடத் தவறான அறிவுரை கிடையாது. கர்ப்பகால ஹார்மோன்களால் ஈறு வீங்கி, துலக்கும்போதெல்லாம் ரத்தம் கசியும். அதாவது கிருமி நுழையும் வாசல் ஒன்பது மாதமும் திறந்தே கிடக்கும். பல் சுத்தம் செய்வது, சொத்தை அடைப்பது, தேவைப்பட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பிடுங்குவது எல்லாமே கர்ப்பத்தில் செய்யக்கூடியவைதான்; நான்கிலிருந்து ஆறாம் மாதம் உட்காரச் சௌகரியம்.

செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு வால்வுத் தொற்று வந்தவர்கள், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து உடல் நீலம்பாரிக்கும் சிலவகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் ஆகியோர் ஈறில் ரத்தம் வரும்படியான பல் வைத்தியத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு ஒரு வேளை ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். வழக்கமாக 2 கிராம் அமாக்ஸிசிலின். முன்பெல்லாம் எந்த வால்வுக் கோளாறு இருந்தாலும் இதைக் கொடுத்தார்கள். 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் இதை அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. எப்போதோ ஒருமுறை பல் பிடுங்குவதைவிட, கெட்டுப்போன ஈறோடு தினமும் மென்று தின்பதில்தான் அதிகம் கிருமி நுழைகிறது என்பது அவர்கள் வாதம். ருமாட்டிக் வால்வு உள்ளவர்கள் விஷயத்தில் நாட்டுக்கு நாடு கருத்து மாறுகிறது. உங்கள் இதயநோய் மருத்துவரிடம் கேட்டு, பதிலை மருத்துவச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்கு? சுகப்பிரசவத்தின்போது வால்வுத் தொற்றைத் தடுப்பதற்கென்று எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பதை இன்றைய வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. மிக அதிக ஆபத்துள்ள சிலருக்கு மருத்துவர் தனியாக முடிவு செய்வார். சிசேரியனுக்கு முன்பு போடும் ஊசி எல்லாத் தாய்மார்களுக்கும் உரியது, புண்ணில் சீழ் பிடிக்காமலிருக்க. வால்வுக் கோளாறு இருந்தாலே சிசேரியன்தான் என்பதும் இல்லை.

வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குப் போகும்போது நகையோடும் புடவையோடும் இதயத்தின் ஃபைலும் போக வேண்டும். ஊர் மாறுகிறது, மருத்துவமனை மாறுகிறது, புது மருத்துவருக்குப் பழைய எக்கோ தெரியாது. குழந்தை பிறந்தபிறகு வரும் காய்ச்சலையும் “பால் கட்டின காய்ச்சல்” என்று ஒதுக்கிவிட வேண்டாம். கருப்பையில் தங்கிய தொற்றிலிருந்தும், கையில் நாள்கணக்கில் இருந்த ஊசிக்குழாய் வழியாகவும் கிருமி வால்வைத் தேடிப் போவது பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் நடக்கும். கருக்கலைப்புக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்கும் இது பொருந்தும்.

ஒருமுறை வால்வுத் தொற்று வந்து குணமானவர் வாழ்நாள் முழுக்க அதிக ஆபத்துள்ளவர் பட்டியலில் இருப்பார். அடுத்த குழந்தை வேண்டுமென்றால், கருத்தரித்தபின் அல்ல, அதற்கு முன்பே எக்கோ எடுத்து வால்வின் ஒழுகல் எவ்வளவு, இதயத்தின் உந்துசக்தி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சிலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே வால்வைச் சரிசெய்துகொள்வது உசிதமாக இருக்கும். சிலருக்குக் கர்ப்பமே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அப்போது எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவதால், இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு அவை ஏற்றவையல்ல.